சிறுநீர் கசிகிறது என்றால் பை காலியாகிறது என்று பொருளன்று

புளி உலுக்கும் மாதங்களிலும், அதையடுத்துப் பலாப்பழம் இறக்கும் மாதங்களிலும் பச்சைமலையிலிருந்து எங்களிடம் கொண்டுவரப்படுவோருள் சிலர் மரத்திலிருந்து தவறி விழுந்தவர்கள். முதுகெலும்பு முறிந்து, அதனுள்ளே செல்லும் தண்டுவடம் நசுங்கிய நிலையில் வருகிறார்கள். அவர்களுடைய குடும்பத்தார் கேட்கும் முதற்கேள்வி எப்போதும் ஒன்றே: "மறுபடி நடப்பாரா?" இரண்டாவது கேள்வி செலவைப் பற்றியதாக இருக்கும். சிறுநீரைப் பற்றி அநேகமாக எவரும் கேட்பதில்லை. நாங்களாகக் கேட்டால், "அது தானாகவே போய்க்கொண்டிருக்கிறது, அதில் ஒன்றும் குறையில்லை" என்று விடை வருகிறது.

அந்த விடைதான் எங்களுக்குக் கவலையளிக்கிறது. துணி நனைவதைக் கண்டு பை காலியாகிறது என்று வீட்டார் எண்ணிக்கொள்கிறார்கள். நிரம்பிய குடத்தின் மேல் குழாயைத் திறந்துவிட்டால் நீர் வழிந்துகொண்டேதான் இருக்கும். வழிவதைப் பார்த்துக் குடம் காலியாகிறது என்று யாரும் சொல்வதில்லை. சிறுநீர்ப்பையும் அவ்வாறே. தண்டுவடம் அடிபட்டவருக்குச் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டேயிருந்தால், உள்ளே அரை லிட்டரோ ஒரு லிட்டரோ தேங்கியிருக்கக்கூடும். தேங்கிய நீரின் அழுத்தம் மேல்நோக்கிச் சென்று சிறுநீரகங்களைத் தாக்கும். இதில் வலி தோன்றாது என்பதுதான் இன்னும் பெரிய ஆபத்து, ஏனெனில் வலியை அறிவிக்க வேண்டிய நரம்புகளே அறுபட்டிருக்கின்றன.

இக்கட்டுரை மரத்திலிருந்து விழுந்தவர்களுக்காக மட்டும் எழுதப்பட்டதன்று. நெடுநாள் சர்க்கரை நோயாளிகள், பக்கவாதத்தால் படுத்தவர்கள், புராஸ்டேட் வீக்கமுள்ள முதியவர்கள், முதுகில் கட்டியோடு பிறந்த குழந்தைகளின் பெற்றோர் ஆகிய அனைவருக்கும் இதில் செய்தி உண்டு. எனினும் தண்டுவடக் காயத்தை முன்வைத்தே விளக்குகிறோம். அங்கே பழுது தெளிவாகத் தெரிவதால் மற்றவற்றைப் புரிந்துகொள்வது எளிதாகும்.

சிறுநீர்ப்பையின் இயக்கம்

சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை சிறுநீரை உண்டாக்குகின்றன. அது இரண்டு மெல்லிய குழாய்கள் வழியே அடிவயிற்றிலுள்ள சிறுநீர்ப்பைக்கு இறங்குகிறது. வளர்ந்தவர்களின் பை 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும். 150, 200 மில்லிலிட்டர் சேர்ந்ததும் முதல் உணர்வு எழும்.

பையின் சுவர் முழுவதும் தசையே. நீர் நிரம்பும்போது அத்தசை தளர்ந்து இடங்கொடுக்கிறது. அதனால்தான் பை நிறைந்தாலும் உள்ளே அழுத்தம் ஏறுவதில்லை. அதே நேரத்தில் பையின் வாயிலுள்ள சுருக்குத்தசை இறுக மூடியிருக்கும். வெளியேற்றும் வேளையில் இரண்டும் தலைகீழாக மாறுகின்றன: பையின் தசை சுருங்குகிறது, வாயில் தளர்கிறது. இவ்விரண்டையும் ஒரே நொடியில் இசைவிப்பது மூளைத்தண்டிலுள்ள ஒரு நரம்பு மையம். அதன் கட்டளை தண்டுவடத்தின் வழியே இறங்கி, அதன் அடிப்பகுதியிலிருந்து கிளம்பும் நரம்புகளின் மூலம் பையை அடைகிறது. இதற்கும் மேலே, நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதி ஒரு மேலாளரைப் போல அமர்ந்து, பேருந்து துறையூர் சேரும்வரை பொறுத்திரு என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. குழந்தைகள் மூன்று, நான்கு வயதுக்குள் கற்றுக்கொள்வது இந்த அனுமதி கொடுக்கும் வித்தையைத்தான்.

பழுது எந்த இடத்தில் நேர்ந்தது என்பதைப் பொறுத்துக் கோளாறு வேறுபடும். பக்கவாதம், பார்க்கின்சன் நோய் ஆகியவற்றில் மேலாளர் இல்லாமற்போகிறார், ஆனால் கீழுள்ள இசைவு கெடுவதில்லை. ஆகவே அவர்களுக்கு அடக்க முடியாத அவசரம் எழும். கழிப்பறைக்குச் செல்வதற்குள் நனைந்துவிடும். ஆயினும் பை பெரும்பாலும் முழுமையாகக் காலியாகிவிடும்.

தண்டுவடம் நடுவே அடிபட்டால் நிலைமை வேறு. முதல் சில வாரங்கள் அதிர்ச்சியில் பை முற்றிலும் சோர்ந்து கிடக்கும். அதன்பின் மூளையின் கட்டளையின்றித் தானே சுருங்கத் தொடங்கும். வாயிலைத் திறக்கச் சொல்ல மேலிருந்து ஆணை வராததால், பை சுருங்கும் அதே வேளையில் வாயிலும் இறுகும். ஒருவர் கதவைத் தள்ள, மற்றொருவர் மறுபுறமிருந்து அதே கதவைச் சாத்துவதைப் போன்றது இது. இந்தப் போராட்டத்தில் அழுத்தம் மிக அதிகமாக ஏறிச் சிறிதளவு நீர் மட்டும் வெளியே பீறிடும். வீட்டார் "தானாகப் போகிறது" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். பையின் சுவர் நாளடைவில் தடித்து, நீர் சிறுநீரகத்தை நோக்கித் திரும்பிப் பாயும்.

அடிப்பகுதி நரம்புகள் சிதைந்தாலோ, சர்க்கரை நோயால் நரம்புகள் மெல்ல மெல்லப் பட்டுப்போனாலோ, பை ஒரு தொய்ந்த துணிப்பையாகிவிடும். அது சுருங்காது, நிரம்பியதை அறிவிக்கவும் செய்யாது. விளிம்பு வரை நிறைந்து வழிய மட்டுமே செய்யும். சர்க்கரை நோயாளி ஒருவர் "இப்போதெல்லாம் நாளைக்கு இரண்டு முறைதான் ஒன்றுக்குப் போகிறேன்" என்று நிம்மதியோடு சொன்னால் நாங்கள் உடனே ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறோம்.

இதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு வரலாறே விடை. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு தண்டுவடம் அடிபட்டவர்கள் பெரும்பாலும் உயிர் பிழைத்திருக்கவில்லை. கால்கள் செயலிழந்ததனால் அவர்கள் இறக்கவில்லை. சிறுநீரகத் தொற்றினாலும் படுக்கைப் புண்ணினாலும் இறந்தார்கள். 1944 இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் தொடங்கிய பிரிவு, படுக்கையில் புரட்டிப் படுக்கவைப்பதையும் சிறுநீர்ப்பைப் பராமரிப்பையும் மருத்துவத்தின் மையப் பணியாக ஆக்கியபோதுதான் இந்நிலை மாறத் தொடங்கியது.

நம் தமிழ்நாட்டுக்கு அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ். 1954 இல் நேர்ந்த சாலை விபத்தில் அவருக்கே தண்டுவடம் அடிபட்டு இரு கால்களும் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966 இல் வேலூரில் அவர் தலைமையில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் 1981 இல் அமர் சேவா சங்கத்தை நிறுவிய எஸ். இராமகிருஷ்ணன் 1975 இல் கடற்படைத் தேர்வொன்றின்போது கழுத்தில் அடிபட்டுக் கைகால்கள் செயலிழந்தவர். 2020 இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இவ்விருவரையும் குறிப்பிடுவது வெறும் ஊக்கத்துக்காக அன்று. தண்டுவடக் காயத்துக்குப் பின் பல பத்தாண்டுகள் வாழலாம் என்பதற்கு அவர்களே சான்று. அவ்வாறு வாழச் சிறுநீரகங்கள் நலமாக இருத்தல் வேண்டும்.

விழுந்தவர்களுக்கு மட்டுமா?

முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் இன்றும் உண்டு. பல மாதங்களாக முதுகுவலி, மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு என்று இருந்து, ஒருநாள் கால் தளர்ந்து சிறுநீரும் நின்றுவிட்டதாக வருவோரை நாங்கள் பார்க்கிறோம். இதைக் காலத்தோடு கண்டறிந்தால் மருந்தால் பெரும்பாலும் மீட்கலாம். தண்டுவடம் மூடாமல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறப்பிலிருந்தே பை பழுதாகியிருக்கும். கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே தாய்க்கு நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்தால் இக்குறையின் பெரும்பகுதியைத் தடுக்கலாம். கரு உருவான முதல் நான்கு வாரங்களுக்குள் தண்டுவடம் மூடிவிடுவதால், நாள் தள்ளிப்போன பின் தொடங்கும் மாத்திரை பெரும்பாலும் காலங்கடந்ததே. திருமணமானவுடனே கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டுப் பெறுங்கள்.

மலையில் மரவள்ளிக் காட்டில் களையெடுக்கும் பெண்களுக்கு வேறொரு துன்பம் இருக்கிறது. பொழுது விடிவதற்கு முன் ஒருமுறை, இருட்டிய பின் ஒருமுறை, இடையில் மறைவிடம் இல்லை. ஆகவே நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்கிறார்கள். அடர்ந்த சிறுநீரில் கற்களும் கிருமிகளும் எளிதில் சேர்கின்றன. ஆண்டுக்கணக்கில் பையை அளவுக்கு மீறி விரித்துக்கொண்டேயிருந்தால் அதன் தசையும் தளரும். இதற்கு மருந்தைக் காட்டிலும் வேலை செய்யும் இடத்துக்கருகே ஒரு கழிப்பறையே தேவை. அதை எங்களால் மருந்துச் சீட்டில் எழுதித்தர இயலவில்லை.

கீழே, திருவரங்கத்தில் மார்கழி மாதத்தில் இதே கதை முதியவர்களிடம் வேறு வகையில் நடக்கிறது. வைகுண்ட ஏகாதசி வரிசையில் பல மணி நேரம் நிற்க வேண்டுமே என்று அடக்கிக்கொள்வார்கள். பனிக்குச் சளி பிடித்திருக்கும். கடையில் வாங்கிய சளி மாத்திரையையும் போட்டிருப்பார்கள். புராஸ்டேட் வீங்கிய ஒருவருக்கு இவை இரண்டும் ஒன்றுசேர்ந்தால் போதும், சிறுநீர் முற்றிலும் அடைத்துக்கொள்ளும். பல சளி மாத்திரைகளில் பையின் தசையைச் சோர்வுறச் செய்யும் மருந்தோ, வாயிலை இறுக்கும் மருந்தோ கலந்திருக்கிறது. அறுபது வயதைக் கடந்து, சிறுநீர் தாரை மெலிந்துவிட்ட ஆண்கள் மருத்துவரைக் கேளாமல் சளி மாத்திரை வாங்க வேண்டாம்.

மகப்பேற்றுக்குப் பின் இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிவதைப் பெண்கள் பலர் வாய்திறந்து சொல்வதே இல்லை. "பிள்ளை பெற்றால் அப்படித்தான்" என்று மாமியாரும் சொல்ல, அது அப்படியே நின்றுவிடுகிறது. இடுப்படித் தசைகளைச் சுருக்கி விடும் பயிற்சியால் இது பெரிதும் குறையும். மூன்று மாதங்கள் விடாமல் செய்ய வேண்டும். எங்கள் இயன்முறை மருத்துவர்கள் தனியறையில் கற்றுத்தருவார்கள்.

எந்த அறிகுறிக்குக் காத்திருக்கக் கூடாது?

நீர்க்கடுப்பு, அடிக்கடி போதல், இரவில் பலமுறை எழுதல், தாரை மெலிதல், போய்வந்த பின்னும் மிச்சமிருப்பதாகத் தோன்றுதல் ஆகியவற்றுக்கு ஓரிரு நாட்களில் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தால் போதும். ஆனால் முதுகுவலியோடு இரு தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போய், சிறுநீர் வரவில்லை என்றால் அது அவசரம். மரத்துப்போகும் அப்பகுதி சேணத்தில் அமரும்போது படும் இடம் என்று நினைவில் வையுங்கள். முதுகெலும்பின் அடியில் நரம்புக் கற்றை நசுங்குகிறது என்பதன் அடையாளம் அது. சில மணி நேரத் தாமதமும் நிரந்தரப் பழுதாகலாம். 108 ஐ அழையுங்கள், காலைப் பேருந்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மற்றோர் ஆபத்து, மார்புக்கு மேல் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு உரியது. திடீரென்று தலை வெடிப்பதுபோல் வலிக்கும். முகம் சிவந்து வியர்க்கும், இரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும். இதற்குக் காரணம் பெரும்பாலும் நிரம்பிய சிறுநீர்ப்பை அல்லது மடங்கிய குழாய். உடனே அவரை நிமிர்த்தி உட்காரவையுங்கள், இறுக்கமான ஆடைகளைத் தளர்த்துங்கள், குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்துப் பையைக் காலி செய்யுங்கள். குறையவில்லையெனில் மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். தலைவலி மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்தால் மூளையில் இரத்தக்கசிவு நேரலாம்.

பரிசோதனைகளைப் பற்றிச் சுருக்கமாக

சிறுநீர்ச் சோதனை, இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு, வயிற்று ஸ்கேன் ஆகியவை தொடக்கம். சிறுநீர் கழித்த பின் உள்ளே எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை ஸ்கேனில் அளப்போம். 100 மில்லிலிட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. தேவைப்பட்டால் யூரோடைனமிக் என்னும் சோதனையில் மெல்லிய குழாய் வழியே பையை நிரப்பி, உள்ளழுத்தத்தை அளக்கிறோம். சற்றுச் சங்கடமான சோதனைதான், ஆனால் தண்டுவடம் அடிபட்ட ஒருவரின் சிறுநீரகம் ஆபத்திலிருக்கிறதா என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சோதனை வேறில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக எங்களுக்கு உதவுவது மூன்று நாள் குறிப்பு. எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தார், எத்தனை மணிக்கு எவ்வளவு வந்தது, எப்போது நனைந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். அளவுக்கோடிட்ட பழைய பிளாஸ்டிக் குவளை ஒன்று போதும்.

நான்கு மணிக்கொரு முறை குழாய்

நரம்புப் பழுதால் பை காலியாகாதவர்களுக்கு இன்றுள்ள சிகிச்சைகளில் எளியதும் சிறந்ததும், நாளுக்கு நான்கு முதல் ஆறு முறை மெல்லிய குழாயை நுழைத்துச் சிறுநீரை வெளியேற்றிவிட்டு, குழாயை எடுத்துவிடுவதே. இதை நோயாளியே செய்துகொள்ளலாம். கைகள் இயங்காதவருக்கு வீட்டார் செய்யலாம்.

இதைச் சொன்னவுடன் வீட்டார் முகத்தில் எழும் முதல் அச்சம் கிருமியைப் பற்றியது. மருத்துவமனையில் கையுறை போட்டு, மருந்து தடவிச் செய்வதை ஒரு மலைக் கிராமத்து வீட்டில் எப்படிச் செய்வது? இந்த அச்சம் மருத்துவர்களுக்கும் இருந்தது. 1972 இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர் ஜாக் லாபிடஸ், சுத்தமான கைகளும் சுத்தமான குழாயும் போதும், அறுவை அரங்கின் கிருமிநீக்கம் வேண்டியதில்லை என்று வெளியிட்டபோது பலர் ஏற்கத் தயங்கினார்கள். அவருடைய வாதம் இதுதான்: அளவுக்கு மீறி விரிந்த பையின் சுவரில் இரத்த ஓட்டம் குறைகிறது, குறைந்த இடத்தில்தான் கிருமி வேரூன்றுகிறது. ஆகவே கிருமி புகாமல் காப்பதைவிட, பை விரியாமல் காப்பதே முக்கியம். அரை நூற்றாண்டு அனுபவம் அவர் பக்கமே நிற்கிறது. மலையில் குடியிருப்பவருக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது என்பது எங்கள் எண்ணம். ஒரு சோப்புக்கட்டியும் ஒரு குடம் நல்ல நீரும் இருந்தால் இச்சிகிச்சையை எந்த வீட்டிலும் செய்யலாம்.

செய்முறையை வார்டில் செவிலியர் பலமுறை செய்துகாட்டி, உங்களைச் செய்யவைத்துப் பார்த்த பிறகே வீட்டுக்கு அனுப்புவார்கள். நினைவூட்டலுக்காகச் சில: கைகளையும் சிறுநீர்த் துவாரத்தைச் சுற்றிலும் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். குழாயில் வழுக்கும் ஜெல்லியைத் தடவ வேண்டும். எண்ணெயோ வாசலினோ தடவக் கூடாது. நீர் வரத் தொடங்கிய பின் இன்னும் சிறிது உள்ளே செலுத்தி, முழுவதும் வடியும்வரை பொறுத்து, மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். தடை தென்பட்டால் வலிந்து தள்ளாதீர்கள், மூச்சை இழுத்துவிட்டுச் சற்றுப் பொறுங்கள். ஒரு தடவையில் 400 மில்லிலிட்டருக்கு மேல் வந்தால் இடைவெளி கூடிவிட்டது என்று பொருள். குழாயை ஒருமுறை பயன்படுத்தி எறிவதே நல்லது. செலவு தாங்காதவர்கள், மருத்துவர் சொல்லும் நாள்வரை, ஒவ்வொரு முறையும் சோப்புநீரில் உள்ளும் புறமும் கழுவி, நிழலில் உலர்த்தி, மூடியுள்ள சுத்தமான டப்பாவில் வைத்துப் பயன்படுத்தலாம். ஈரத்தோடு மூடி வைப்பதுதான் கெடுதல். ஒருவர் குழாயை மற்றொருவர் ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

நீர் குடிப்பதையும் முறைப்படுத்த வேண்டும். நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், பகல் முழுவதும் பரவலாக. இரவு உணவுக்குப் பின் குறைத்துக்கொள்ளலாம். பகலெல்லாம் சக்கர நாற்காலியில் இருப்பவரின் கால்களில் நீர் கோத்திருக்கும். படுத்ததும் அது இரத்தத்தில் திரும்பி, இரவில் சிறுநீராகப் பெருகும். "பகலில் வராதது இரவில் வருகிறதே" என்று வீட்டார் வியப்பதன் காரணம் இதுவே. மாலையில் ஒரு மணி நேரம் கால்களை உயர்த்திப் படுத்திருந்து, பையைக் காலி செய்துவிட்டுத் தூங்கினால் இரவு அமைதியாகக் கழியும்.

இதில் கூச்சம் என்னும் தடையும் உண்டு. மனைவி கணவனுக்குச் செய்வதை வீட்டார் ஏற்றுக்கொள்கிறார்கள். கணவன் மனைவிக்குச் செய்ய முன்வருவது அரிதாகவே இருக்கிறது. வயதுவந்த மகனுக்குத் தாய் செய்யும்போது இருவருமே தலைகுனிகிறார்கள். கைகள் இயங்குபவர்கள் தாமே செய்துகொள்ளக் கற்க வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துவது இதற்காகத்தான். பெண்கள் தொடக்கத்தில் கண்ணாடி வைத்துப் பார்த்துச் செய்வார்கள், சில வாரங்களில் விரல்களே வழியறிந்துகொள்ளும். இடுப்புக்குக் கீழ் செயலிழந்த பத்து வயதுச் சிறுவர் சிறுமியரும் கற்றுக்கொண்டு பள்ளிக்குச் செல்கிறார்கள்.

நிரந்தரமாகக் குழாய் போட்டு வெளியே யூரின் பேக் மாட்டிவிடுவது எளிதாகத் தோன்றும். தொடக்க நாட்களில் அது தேவையே. ஆனால் ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டால் கற்கள் சேரும், தொற்று வரும், ஆண்களுக்குச் சிறுநீர்த் துவாரம் அரித்துக் கிழியும். வேறு வழியில்லாதவர்களுக்கு அடிவயிற்றில் சிறு துளையிட்டுக் குழாய் வைப்பது அதைவிட மேலானது. யூரின் பேக்கை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவிடுங்கள். நோயாளியைத் தூக்கும்போது அதை வயிற்றின் மேல் வைப்பதை அடிக்கடி காண்கிறோம், அப்போது பழைய நீர் உள்ளே திரும்பிப் பாயும்.

அடிவயிற்றை அழுத்திச் சிறுநீரை வெளியேற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். மூடிய வாயிலுக்கு எதிராக அழுத்தும்போது நீர் சிறுநீரகத்துக்குத்தான் ஏறும்.

மருந்துகளும் மற்றவையும்

தானே சுருங்கும் பையை அமைதிப்படுத்த ஆக்ஸிபியூட்டினின், டால்டெரோடின், சோலிஃபெனசின், மிராபெக்ரான் போன்ற மருந்துகள் உள்ளன. முதல் மூன்றும் வாயை உலரச் செய்யும், மலத்தைக் கட்டும், முதியவர்களுக்குக் குழப்பத்தையும் உண்டாக்கலாம். மலச்சிக்கல் பையை மேலும் கெடுக்கும் என்பதால் அதையும் கூடவே கவனிக்க வேண்டும். மருந்துக்கு அடங்காதவர்களுக்குப் பையின் சுவரில் போட்டுலினம் ஊசி போடுகிறோம். அதன் பயன் சில மாதங்கள் நிற்கும், பிறகு மீண்டும் போட வேண்டும். அதற்கும் அடங்காதபோது குடலின் ஒரு பகுதியை எடுத்துப் பையைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சை உண்டு. புராஸ்டேட் வீக்கத்துக்கு வாயிலைத் தளர்த்தும் மாத்திரைகளில் தொடங்கி, தேவையானால் துவாரத்தின் வழியே கருவி செலுத்திச் சதையைச் சுரண்டியெடுக்கிறோம்.

நோய்க்கிருமி மருந்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குழாய் பயன்படுத்துவோர் அனைவரின் சிறுநீரிலும் அநேகமாக எப்போதும் கிருமிகள் இருக்கும். சோதனைத்தாளில் கிருமி என்று வந்ததற்காகவோ, நீர் சற்றுக் கலங்கியதற்காகவோ மாத்திரை எடுக்க வேண்டியதில்லை. காய்ச்சல், குளிர்நடுக்கம், வழக்கத்துக்கு மீறிய கசிவு, கால்களில் இறுக்கம் கூடுதல், இரத்தம் கலந்து வருதல் ஆகியவை இருந்தால் மட்டுமே சிகிச்சை தேவை. தேவையின்றி மருந்து சாப்பிட்டவர்களுக்கு, உண்மையாகவே தொற்று வரும் நாளில் எந்த மருந்தும் கேட்பதில்லை.

வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சிக் கஷாயமும் குடிக்கலாமா என்று கேட்கிறார்கள். உணவில் வாழைத்தண்டு சேர்ப்பதை நாங்கள் தடுப்பதில்லை. ஆனால் இவை பழுதான நரம்பைச் சீராக்க மாட்டா. நீரடைப்பு உள்ளவருக்குச் சிறுநீரைப் பெருக்கும் எதையும் கொடுத்தால், வெளியேற வழியில்லாத பைக்குள் மேலும் நீரை ஊற்றுவதாகவே முடியும். முதலில் அடைப்பை நீக்குவோம்.

தண்டுவடம் அடிபட்டவர்கள் நலமாகவே இருப்பதாகத் தோன்றினாலும் ஆண்டுக்கொருமுறை சிறுநீரக ஸ்கேனுக்கும் கிரியாட்டினின் சோதனைக்கும் வர வேண்டும். அவர்களுக்கு உரிய மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் பராமரிப்பு உதவித்தொகையையும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். படுக்கையிலிருப்போருக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சியும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் அளிக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

அடுத்த முறை வரும்போது மூன்று நாள் குறிப்பையும், முந்தைய ஸ்கேன் தாள்களையும், இரவில் குழாய் போடுபவர் எவரோ அவரையும் உடன் அழைத்துவாருங்கள், பணம் கட்ட வருபவர் மட்டும் வந்தால் எங்களுக்குப் பாதி விவரமே கிடைக்கிறது. மலையிலிருந்து துறையூர் வழியே சத்திரம் பேருந்து நிலையம் சேர்வதற்குள் நான்கு மணி நேரம் கடந்துவிடலாம். புறப்படும் முன் பையைக் காலி செய்யுங்கள். கழுவி உலர்ந்த குழாய் ஒன்றையும் ஜெல்லியையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் அறையில் முதலில் நிறைந்த பையையும் பிறகு காலியான பையையும் பார்ப்போம். ஆகவே வந்தவுடன் காலி செய்துவிட வேண்டாம். ஆனால் நேரம் கடந்துவிட்டிருந்தால் வரிசையில் காத்திருக்கவும் வேண்டாம், வாயிலில் இருக்கும் செவிலியரிடம் சொல்லுங்கள், உங்களை முதலில் அழைப்பார்.